ஜூன் 22 அன்று எழுதாதது

ஜூன் 4, செவ்வாய்

ஜனவரியில் கம்பெனி கொடுத்த டைரி இது. இன்றுதான் பிரிக்கிறேன். திட்டத்தின் நிலத்தடி நீர் நிபுணர் இந்துமதி மேடம் நேற்றுச் சொன்னார்: "அளவு மட்டும் போதாதுங்க சென்னியப்பன். அன்னைக்கு என்ன பார்த்தீங்கன்னு ரெண்டு வரி எழுதி வைங்க. எனக்கு உதவியா இருக்கும்." முப்பது வயதுகூட ஆகாத பெண். என்னை விட நன்றாகத் தெரிந்தவர், ஆனாலும் மரியாதையாகப் பேசுகிறார். அதனால் எழுதுகிறேன்.

என் வேலை இதுதான். நகரத்துச் சாக்கடையைச் சுத்தம் செய்து, நாற்பது கிலோமீட்டர் குழாய் போட்டு, எங்கள் பக்கத்து வறண்ட ஊர்களின் குட்டைகளில் விடுகிறார்கள். குட்டையில் நிற்கும் தண்ணீர் மெதுவாக மண்ணில் இறங்கி, நிலத்தடி நீர் ஏற வேண்டும். ஏறுகிறதா என்று அளப்பவன் நான். இருபத்திரண்டு ஊர், அளக்க ஊருக்கு ஒரு போர், அதாவது ஆழ்துளைக் கிணறு. செவ்வாயும் புதனும் பைக்கில் சுற்றுவேன். நாடாவை உள்ளே இறக்கினால், நுனி தண்ணீரைத் தொட்டதும் மேலே உள்ள பெட்டி கீச்சென்று கத்தும். எத்தனை அடி ஆழத்தில் என்று குறித்துக்கொள்ள வேண்டும்; எண் குறைந்தால் தண்ணீர் ஏறுகிறது. அவ்வளவுதான். இதற்கு ஒரு சட்டை கொடுத்திருக்கிறார்கள், முதுகில் கம்பெனிப் பெயரோடு.

மற்ற ஊர்களில் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது. பதினான்காம் எண் போரில் மட்டும் 312 அடி. தை மாதமும் அதே 312. பதினான்காம் எண் என் சொந்த ஊர், செம்பாறைப்பாளையம்.

ஜூன் 11, செவ்வாய்

312.

டீக்கடையில் ராக்கியண்ணன் எல்லார் முன்னாலும் கேட்டார். "ஏப்பா சென்னியப்பா, ஊர் ஊருக்குத் தண்ணி குடுத்துட்டு நம்மூருக்கு நாத்தத்த மட்டும் குடுத்துட்டயே." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். வீட்டுக்கு வந்தும் அந்தச் சிரிப்பு மறக்கவில்லை.

இந்தத் தண்ணீர் வருவதற்கு முன் ஊர்க் கூட்டத்தில் "கக்கூஸ் தண்ணி எங்களுக்கு வேண்டாம்" என்று நின்றவர்களிடம் பேசிச் சம்மதம் வாங்கியதே நான்தான். அந்த வாயை இப்போது எங்கே வைத்துக்கொள்வது?

மேடத்துக்குப் போன் செய்தேன். "உங்க ஊர்க் குட்டைக்கு அடியில களிமண் படுகை இருக்கு. இறங்க மூணு வருஷம் ஆகும். ஆனா இறங்குறது சுத்தமா இறங்கும். மெஷின் பிடிக்காம விட்ட கிருமியை மண்ணுதான் பிடிக்கும். மண்ணுதான் நம்மளோட கடைசி சுத்திகரிப்பு" என்றார். இதையேதான் நான் இருபத்திரண்டு ஊரிலும் மனப்பாடமாகச் சொல்லியிருக்கிறேன்.

மூன்று வருஷமாம்.

ஜூன் 16, ஞாயிறு

ரேஷன் கடை. பைக்குக்கு ஆயில் மாற்றினேன். மாடி டேங்க் கழுவினேன், கழுவத் தண்ணீர் இல்லாமல் துணியால் துடைத்தேன்.

மைத்துனன் நாச்சிமுத்து வந்தான். பூங்கொடியின் தம்பி, உள்ளூர்தான். நாலு ஏக்கர், மூன்று போர் போட்டான், மூன்றும் செத்துவிட்டன. அதில் ஒன்று பெரிய குட்டையின் கரையிலேயே இருக்கிறது, எண்ணூறு அடி. பக்கத்தில் குட்டை தளும்புகிறது, பத்தடி தள்ளி இவனுடைய தென்னைகள் தலை காய்ந்து நிற்கின்றன.

"காட்ட வித்துப்போட்டு பனியன் கம்பெனிக்கு வாட்ச்மேனாப் போயர்றனுங் மாமா" என்றான். சோற்றில் கை வைத்துக்கொண்டே சொன்னான், சாப்பிடவில்லை. பூங்கொடி அடுப்படிக்குப் போய்விட்டாள். அவள் அழுவது எனக்குக் கேட்டது. எனக்கு யார் மேல் கோபம் என்று தெரியவில்லை, ஆனால் நல்ல கோபம்.

ஜூன் 21, வெள்ளி

ஹார்டுவேர் கடையில் நாலு இஞ்ச் பைப் இரண்டு நீளம், எல்போ ஒன்று, கொசுவலை ஒரு மீட்டர். மைத்துனனுக்கு. பெரிய பிளாஸ்டிக் டிரம் அவனிடமே இருக்கிறது.

ஜூன் 22, சனி

ஊரில்தான் இருந்தேன். எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 25, செவ்வாய்

பதினான்காம் எண்: 268.

மூன்று முறை இறக்கிப் பார்த்தேன். 268தான். குட்டைத் தண்ணீர் எப்படியோ வழி கண்டுபிடித்துவிட்டது போலிருக்கிறது. பாறைக்குள் எங்கே வெடிப்பு இருக்கும் என்று யார் கண்டது?

ஜூலை 9, செவ்வாய்

160. டீக்கடையில் ராக்கியண்ணன் என் டீக்குக் காசு கொடுத்தார்.

பஞ்சாயத்தின் பழைய போர், ஆறு வருஷமாகக் காற்று மட்டும் வந்துகொண்டிருந்தது, இப்போது தண்ணீர் தள்ளுகிறது. தெருக் குழாயில் தினமும் தண்ணீர். பத்து நாளைக்கு ஒரு தடவை வரும் ஆற்றுத் தண்ணீருக்காகக் குடம் வரிசை போட்டவர்கள் குடத்தை வீட்டுக்குள் எடுத்து வைத்துவிட்டார்கள். பழைய உப்புக் கரிப்பும் இல்லை. பூங்கொடி ஒரு சொம்பு கொண்டுவந்து கொடுத்து, நான் குடிப்பதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "நெம்ப ருசியா இருக்குதுங்" என்றாள். ருசியாகத்தான் இருந்தது.

ஜூலை 14, ஞாயிறு

கம்பெனி மேனேஜர் ஊருக்கே வந்து எனக்குச் சால்வை போட்டார். பதினான்காம் எண் போரின் பக்கத்தில் நிற்கவைத்துப் போட்டோ. பெரிய குட்டையின் கரைக்கும் போய்ப் பார்க்க வேண்டும் என்றார். அந்தப் பக்கம் பாம்புப் புற்று இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 16, செவ்வாய்

121.

தாரணி போன் செய்தாள். ஒரே மகள், நகரத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறோம், தலைச்சன் பிரசவம். நாளை ஆடி பிறக்கிறது, அதனால் ஆவணியில்தான் கட்டுச்சோறு. சோறு கட்டிக்கொண்டு போய் மாப்பிள்ளை வீட்டில் விருந்து வைத்துவிட்டு, பிள்ளையை இங்கே கூட்டி வர வேண்டும். "என்ற ரூமுக்கு ஃபேன் மாத்தி வைங்ப்பா, சத்தம் போடுது" என்றாள். நாளைக்கே மாற்ற வேண்டும்.

ஜூலை 30, செவ்வாய்

88. நாச்சிமுத்து இரண்டு ஏக்கர் வாழை வைத்துவிட்டான். கன்றுகள் நன்றாக நிற்கின்றன. பார்க்கச் சந்தோஷமாக இருந்தது.

ஆனால் குட்டைக் கரையில் வேறொன்றும் பார்த்தேன். டிரம்கள். சுற்றி நடந்து எண்ணினேன், பதினொன்று. செத்த போர் வைத்திருக்கிறவன் எல்லாம் அதன் மூடியைத் திறந்து, குட்டைத் தண்ணீரை ஒரு டிரம் ஜல்லிக்கும் கரிக்கும் நடுவே ஓடவிட்டு, நேராகப் போருக்குள் இறக்குகிறான். மண்ணுக்கு அங்கே வேலையே இல்லை.

நான் ஒருத்தனுக்குத்தான் சொன்னேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

ராக்கியண்ணனுக்கு மஞ்சள்காமாலை. போய்ப் பார்த்தேன், கண் இரண்டும் மஞ்சள். கீழாநெல்லி அரைத்துக் குடித்துக்கொண்டு, எண்ணெய், புளி சேர்க்காமல் பத்தியம் இருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போகலாமே என்றேன். "காமாலைக்கு எவனாச்சு ஊசி போடுவானா?" என்று என்னையே கேட்டார். பீடியால்கூட வந்திருக்கலாம், நிறையப் பிடிப்பார்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

71. காமாலை இப்போது ஐந்து பேருக்கு. ஐந்து பேரும் கீழாநெல்லிதான், அதனால் சுகாதார நிலையத்துக் கணக்கில் ஒருவரும் இல்லை. பக்கத்து ஊர் வரப்புகளில்கூட கீழாநெல்லி கிடைப்பதில்லை என்றாள் பூங்கொடி, சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

ஆகஸ்ட் 14, புதன்

இந்துமதி மேடம் போன்.

"பதினாலாம் நம்பர் கிராஃப் பார்த்தேன். களிமண்ணுல இந்த வேகத்துல இறங்காதே. குட்டைக்குத் தண்ணி விட்ட வாரமே போர்ல ஏறுது. யாராவது நேரா உள்ள விடுறாங்களா?"

"இல்லைங்க மேடம்."

"நல்லா பார்த்தீங்களா?"

"வாரா வாரம் போறனுங்களே."

பிறகு, "சரி, உங்க அளவை நம்பித்தான் நான் எழுதுறேன்" என்றார். என் அளவில் பொய் இல்லை. ஓர் அடிகூட நான் மாற்றி எழுதியதில்லை. அதை அவரிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

நாச்சிமுத்துவின் காட்டுக்குப் போனேன். அந்தப் பைப்பைக் கழற்றிவிடு மாப்ளை என்றேன். மண்வெட்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"வாழை இப்பத்தானுங் வேர் பிடிக்குது. என்ற ஒருத்தன்றத மூடுனா ஆச்சுங்களா? மத்தவங்க பத்துப் பேரும் மூடுவாங்களா?"

"காமாலை வருதேடா."

"அது வெயிலுக்கு வருதுங் மாமா. நாம ஜல்லி, கரி எல்லாம் போட்டுத்தான விட்டிருக்கறம்? நீங்கதான ஒக்காந்து அடுக்குனீங்க?"

ஒரு சீப்பு பழம் கொடுத்தான், பக்கத்துத் தோட்டத்தில் வாங்கியதாம். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 21, புதன்

நேற்றும் இன்றும் இருபத்திரண்டு ஊரும் சுற்றினேன். போகிற இடமெல்லாம் பேச்சோடு பேச்சாக, காமாலை உண்டா என்று கேட்டேன். வேறு ஓர் ஊரிலும் இல்லை. எங்கள் ஊரில் மட்டும் பதினாறு பேர்.

கவனித்தேன் என்று மட்டும் எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

நம் வீட்டுக்குக் கேன் தண்ணீர் போடச் சொல்லிவிட்டேன். பூங்கொடி முறைத்தாள். இவ்வளவு ருசியான தண்ணீரை வைத்துக்கொண்டு காசு கொடுத்து எதற்கு என்றாள். மாசமாக இருக்கிற பிள்ளைக்கு டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றேன். எந்த டாக்டரும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 28, புதன்

இன்று ஒரு முயற்சி செய்தேன். தாரணி அங்கேயே இருக்கட்டுமே, நகரத்தில் நல்ல ஆஸ்பத்திரி இருக்கிறதே, பிரசவத்துக்கு நாம் அங்கே போய் இருந்துகொள்ளலாமே என்றேன்.

பூங்கொடி தட்டை வைத்த வேகத்தில் சாம்பார் சிந்தியது. "தலைச்சன் பொறப்பு. பொறந்த வீட்டுக்குக் கூட்டியாராம உட்டா சம்பந்தி வீட்டுல என்ன நெனைப்பாங்க? புள்ளைக்குச் சோறு போட வக்கில்லைன்னு நெனைக்க மாட்டாங்களா? என்னுங் காரணம், சொல்லுங்."

காரணம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைச் சொன்னால் பதினொரு பேரின் வயல் காயும், நாச்சிமுத்து ஊரில் தலைகாட்ட முடியாது, என் வேலை போகும், சால்வை போட்ட போட்டோவைப் பார்த்து ஊர் காறித் துப்பும். இவ்வளவையும் நினைத்துப் பார்த்தேன். பிறகு, சும்மா கேட்டேன் என்றேன்.

கேன் தண்ணீர் இருக்கிறது. குடிக்க, சமைக்க, எல்லாவற்றுக்கும் அதுதான். கவனமாக இருந்தால் போதும்.

செப்டம்பர் 1, ஞாயிறு

கட்டுச்சோறு நன்றாக நடந்தது. ஐந்து வகைச் சோறு. தாய்மாமன் நாச்சிமுத்து பட்டுப் புடவை எடுத்து வந்திருந்தான். தாரணிக்கு ஏழு மாதம். முகம் தெளிவாக இருந்தது. மாலை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். புது ஃபேனைப் போட்டுப் பார்த்து, "சத்தமே இல்லீங்ப்பா" என்றாள்.

செப்டம்பர் 5, வியாழன்

இதை நான் யோசிக்கவில்லை.

மாசமாக இருக்கிற பெண் பிறந்த ஊருக்கு வந்தால் ஒறம்பரை வீடு, அதாவது சொந்தக்காரர் வீடு, ஒவ்வொன்றிலும் கூப்பிட்டுச் சோறு போடுவார்கள். பூங்கொடி வரிசைப்படி எழுதியே வைத்திருக்கிறாள். பதினெட்டு வீடு. போகாவிட்டால் அந்த வீட்டோடு பேச்சு நின்றுவிடும்.

முதல் விருந்து நாச்சிமுத்து வீட்டில். கேன் தண்ணீரைப் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தனுப்பினேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

நாலாவது விருந்து முடிந்து தாரணி சிரித்துக்கொண்டே வந்தாள். நாச்சிமுத்துவின் பெண்டாட்டி ராதாமணி ஊரெல்லாம் சொல்லிவிட்டாளாம், தாரணி டவுன்காரி ஆகிவிட்டாள், பிறந்த ஊர்த் தண்ணீர் தொண்டையில் இறங்கவில்லை என்று. "எனக்கு வெக்கமாப் போச்சுங்ப்பா. பாட்டில ஊட்லயே வெச்சுட்டுத்தான் இன்னைக்குப் போனேன்."

"என்ன குடிச்சே?"

"அவங்க குடுத்ததுதான். மோரு, தண்ணி."

அவளிடம் கத்திவிட்டேன். அவளுக்குக் கல்யாணம் ஆன இந்த இரண்டு வருஷத்தில் நான் அவளிடம் ஒரு வார்த்தை கடுத்துப் பேசியதில்லை. கண் கலங்கிவிட்டது அவளுக்கு. பூங்கொடி என்னைப் பார்த்த பார்வையில், நான் தலை வலிக்கிறது என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன்.

செப்டம்பர் 9, திங்கள்

இன்றைய விருந்துக்குப் பாட்டிலை நானே அவள் பையில் வைத்தேன். மாலையில் மேசை மேல் இருந்தது, நிறைந்தபடியே.

செப்டம்பர் 17, செவ்வாய்

52. காமாலை நாற்பது பேரைத் தாண்டிவிட்டது. சுகாதாரத் துறை முகாம் போட்டிருக்கிறது. தாரணி நன்றாக இருக்கிறாள். நன்றாகச் சாப்பிடுகிறாள். கண்ணைக் காட்டு என்று தினமும் காலையில் பார்க்கிறேன். வெள்ளையாகத்தான் இருக்கிறது.

செப்டம்பர் 20, வெள்ளி

தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர் குமரவேலை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். பிளீச்சிங் பவுடர் ஒழுங்காகப் போடவில்லையாம், அதனால்தான் காமாலையாம். அவன் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். "தெனமும் போட்டனுங்ணா. நீங்க தண்ணிப் படிப்புத் தெரிஞ்சவரு, நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாங்க."

பார்க்கலாம் என்றேன். அவன் வீட்டில் இரண்டு பிள்ளைகள்.

செப்டம்பர் 27, வெள்ளி

தாரணிக்கு லேசாகக் காய்ச்சல். இரண்டு தடவை வாந்தி. விருந்துச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்கிறாள் பூங்கொடி.

செப்டம்பர் 28, சனி

காலையில் கண்ணைப் பார்த்தேன்.

பூங்கொடி கீழாநெல்லி பறிக்கப் போனாள். வேண்டாம் என்று சொல்லிக் காருக்குப் போன் செய்தேன்.

செப்டம்பர் 30, திங்கள்

நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரி. டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சாக்கடை கலந்த தண்ணீரில் வருகிற காமாலை இது. மற்றவர்களுக்கு மூன்று வாரத்தில் சரியாகிவிடும், மாசமாக இருக்கிறவர்களுக்கு மட்டும் ஈரலை அடித்துவிடும் என்றார். "எந்தத் தண்ணி குடிச்சாங்க?" என்று கேட்டார்.

கேன் தண்ணீர்தான் கொடுத்தோம் என்றேன்.

அக்டோபர் 2, புதன்

ஆளைத் தெரியவில்லை அவளுக்கு. என்னை நாச்சிமுத்து என்று நினைத்து, "மாமா, வாழை தார் போட்டுச்சுங்களா?" என்று கேட்டாள். போட்டுவிட்டது என்றேன்.

மாப்பிள்ளை தரையில் உட்கார்ந்திருக்கிறார். எழுந்து வந்து காபி வாங்கிக்கொடுத்தார். அந்த மனிதர் எனக்குக் காபி வாங்கிக்கொடுக்கிறார்.

அக்டோபர் 4, வெள்ளி

தாரணி இறந்துவிட்டாள். பதினொன்று இருபதுக்கு, காலையில். வயிற்றில் இருந்த பிள்ளை முந்தின நாளே போய்விட்டதாம்.

அக்டோபர் 13, ஞாயிறு

காரியம் முடிந்து ஒறம்பரை எல்லாம் போய்விட்டார்கள். வேட்டி துவைத்தேன். பந்தல்காரனின் சேர்களை எண்ணி ஏற்றிவிட்டேன்.

மத்தியானம் கேன்காரன் வந்து இரண்டு கேனை வைத்துவிட்டுப் போனான். அவனை நிறுத்தச் சொல்ல மறந்துவிட்டேன். பூங்கொடி அதன் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. பிறகு என் பக்கம் திரும்பிக் கேட்டாள்:

"ஊரே கொழாய்த் தண்ணி குடிக்கறப்ப, நீங்க எதுக்குங் புள்ளைக்கு மட்டும் கேன் வாங்குனீங்க?"

நான் எதுவும் சொல்லவில்லை. அவளும் மறுபடி கேட்கவில்லை. நான் சொல்லாததிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து, தாரணியின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அக்டோபர் 14, திங்கள்

குட்டைக் கரைக்குப் போனேன். நாச்சிமுத்து அங்கே இருந்தான். மொட்டை அடித்த தலையோடு, தன் பைப்பைத் தானே அடித்து நொறுக்கிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கடப்பாரையைக் கீழே போட்டான்.

"ஆஸ்பத்திரில டாக்டரம்மா எங்கிட்டயும் சொன்னாங்க. சாக்கடைத் தண்ணிலதான் காமாலை வந்துச்சுனு. உங்களுக்கு முன்னாடியே தெரியுமுங்களா மாமா?"

தெரியும் என்றேன்.

"எங்கூட்டுலதான் மொத விருந்து. ராதாமணிதான் அந்தப் பாட்டிலக் கேலி பண்ணுனா. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே. கழட்டச் சொன்னீங்க, புள்ளைக்குக் கேன் தண்ணி எதுக்குன்னு சொல்லுலீங்களே. என்ற வாழை போனாப் போவுது. ஒரு வார்த்தை."

அவன் என்னை அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. மீதி பத்துப் பைப்பையும் இரண்டு பேரும் சேர்ந்தே உடைத்தோம். ஒருவரும் தடுக்க வரவில்லை. எல்லார் வீட்டிலும் ஓர் ஆள் படுத்திருக்கிறார்.

அக்டோபர் 15, செவ்வாய்

இன்று அளக்கப் போகவில்லை. நாடாப் பெட்டியையும் சட்டையையும் பையில் போட்டுக்கொண்டு நகரத்துக்குப் பஸ் ஏறினேன். இந்துமதி மேடத்தின் மேசையில் பெட்டியை வைத்தேன், பக்கத்தில் இந்த டைரியையும் வைத்தேன். குமரவேலின் மேல் தப்பில்லை, அவனுக்கு வேலையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள் என்றேன். மற்றது எல்லாம் இதில் இருக்கிறது என்றேன்.

அவர் முதல் பக்கத்திலிருந்து வாசித்தார். நான் நின்றேன். உட்காரச் சொல்லவில்லை அவர். ஓர் இடத்தில் நிறுத்தி, பக்கத்தை என் பக்கம் திருப்பினார்.

"எல்லாம் இதுல இல்லை. இந்த நாளை எழுதிக் கொடுங்க" என்றார்.

அந்தப் பக்கத்தில் ஒரு வரிதான் இருக்கிறது. மிச்சம் வெள்ளையாக இருக்கிறது, ஆனால் நான் எழுத வேண்டியது அதில் கொள்ளாது. அதனால் இங்கே எழுதுகிறேன். அவருடைய மேசையில், அவர் பேனாவால்.

ஜூன் 22, சனி

காலை ஆறு மணிக்கு நாச்சிமுத்துவைப் பெரிய குட்டைக் கரைக்கு நான்தான் வரச் சொன்னேன். யோசனை என்னுடையது. வீட்டு மழைநீர்க் குழியை மனதில் வைத்துச் செய்தேன். கூரையில் விழும் மழைத் தண்ணீரை ஜல்லி, மணல், கரி வழியாகச் செத்த போருக்குள் விடலாம் என்று முன்னே ஒரு பயிற்சியில் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மழைத் தண்ணீருக்குச் செய்வதை இதற்கும் செய்தால் என்ன என்று நினைத்தேன். இது மழைத் தண்ணீர் இல்லை என்பது எனக்குத் தெரியும். மண் வழியாக இறங்கினால்தான் சுத்தமாகும் என்று இருபத்திரண்டு ஊரில் சொன்னவன் நான். தெரிந்தும் செய்தேன். மூன்று வருஷம் பொறுக்க முடியவில்லை. டீக்கடைச் சிரிப்பு பொறுக்க முடியவில்லை. நாச்சிமுத்து சாப்பிடாமல் எழுந்து போனது பொறுக்க முடியவில்லை. இதில் எது பெரிய காரணம் என்று இப்போது பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

டிரம்மில் நானே உட்கார்ந்து அடுக்கினேன். அடியில் பெரிய ஜல்லி, மேலே சின்ன ஜல்லி, மணல், கரி. டிரம்மின் வாயில் கொசுவலை கட்டினேன். பார்க்கச் சுத்தமாக, அழகாக இருந்தது. எட்டரை மணிக்கு அடைப்பை எடுத்தோம். தண்ணீர் பைப்பில் வந்து, டிரம்மில் நிறைந்து, எண்ணூறு அடி போருக்குள் விழுந்தது. முதலில் சத்தமே இல்லை. பிறகு அடியிலிருந்து ஒரு பெரிய சத்தம் மேலே வந்தது. நாச்சிமுத்து என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். எனக்கு அழுகை வந்தது. வாழ்க்கையில் நான் உருப்படியாக ஒரு காரியம் செய்தேன் என்று நினைத்தேன்.

அப்போதுதான் தாரணியின் போன் வந்தது. அம்மா எடுக்கவில்லை, அதனால் எனக்குச் செய்தாளாம். பிள்ளை முதல் தடவையாக அசைந்ததைச் சொல்லத்தான் கூப்பிட்டிருந்தாள். அவள் சொன்னது இந்தச் சத்தத்தில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை, இரண்டு தடவை சொல்லவைத்தேன்.

"என்னுங்ப்பா அங்க சத்தம்?"

"தண்ணி கண்ணு. நம்ம பெரிய குட்டைத் தண்ணி. போருக்குள்ள எறங்குது."

"நம்மூர்லயா?" கொஞ்சம் சிரித்தாள். "அப்ப நான் வரப்ப நம்மூட்டுக் கொழாய்ல தண்ணி வருமுங்களா? எனக்கு மொதல்ல அதுதான் வேணும்."

"வரும் கண்ணு. நீ வா, வயிறு நெறையக் குடிக்கலாம்" என்றேன்.